மாமியார் மறித்த மலைவாய்

எஸ்கிடான் பொய் சொல்லமாட்டார். உண்மையைக் கொஞ்சம் குதிரையேற்றி அனுப்புவார், அவ்வளவுதான்.

அரிசோனா மலைகளில் பதினைந்து வருடம் அமெரிக்கப் பட்டாளத்துக்குத் தண்ணி காட்டிய அப்பாச்சிப் பழங்குடிப் போர்த்தலைவர் அவர். சரணடைந்து, இப்போது கைதிகள் முகாமில் குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு பத்திரிகைக்காரன். நடுவில் மொழிபெயர்க்க அனிசேத்தோ. அப்பாச்சிகளிடம் வளர்ந்த மெக்சிகோக்காரனான அவனுக்குக் கிழவரின் பேச்சு அத்துப்படி.

"ஏன் சரணடைஞ்சீங்கன்னு கேக்குறான் பெரியப்பா."

எஸ்கிடானுக்குச் சுருக்கென்றது. பயந்து வந்தான் என்று இவன் எழுதிவிட்டால், பேரன் பேத்தி காலம்வரை அதுதான் நிற்கும். விடக்கூடாது.

"முதல்ல ஒண்ணு சொல்லிடு. குண்டுக்கு என்னைக் கண்டா ஆகாது. ஒருதடவை நானூறு பேர் ஒண்ணாச் சுட்டான். நானூறு குண்டும் கிட்ட வந்து, மூஞ்சியைப் பாத்துட்டு, வந்த வழியே துப்பாக்கிக்குள்ள போயிடுச்சு."

அனிசேத்தோ பெருமூச்சோடு மொழிபெயர்த்தான்.

"ஒருதடவை ஒளிய ஒரு மரம்கூட இல்ல. பாறை மாதிரி நின்னுட்டேன், ஒன்பது நாள். பட்டாளத்தான் என் கால்லயே குதிரையைக் கட்டினான். காதுல குருவி கூடு கட்டி, குஞ்சு பொரிச்சு, அது பறந்து போறவரைக்கும் நான் அசையல."

"போன மாசம் மூணு நாள்னு சொன்னீங்களே?"

"அது வேற குருவி."

பத்திரிகைக்காரனின் பென்சில் ஓடியது. எஸ்கிடானுக்குத் தெம்பு வந்தது.

"பட்டாளத்தான் மலை உச்சிக்கு உச்சி கண்ணாடி வச்சு, வெயிலைத் திருப்பி வெளிச்சத்துலயே சேதி அனுப்புவான். ஒருநாள் குறுக்க நின்னு அந்த வெளிச்சத்துல மான்கறி சுட்டுத் தின்னேன். சேதி பாதிதான் போய்ச் சேந்துச்சு. கிழக்க வரவேண்டிய ஐந்நூறு பேர் மேற்க போனான். இன்னும் போயிட்டிருக்கான்."

"சரி பெரியப்பா, இவ்வளவு பண்ணின ஆளு ஏன் சரணடைஞ்சீங்க? அதைத்தானே கேக்குறான்."

எஸ்கிடான் தொண்டையைச் செருமினார். அப்பாச்சி ஆண்மகன் மாமியார் முகத்தைப் பார்க்கக்கூடாது. பகையில்லை, மரியாதை. அவள் எதிரே வந்தால் இவன் புதருக்குள் பாயவேண்டும்.

"கடைசியில ஐயாயிரம் பேர் சுத்தி வளைச்சான். வெளிய போக ரெண்டு மலைக்கு நடுவுல ஒரே ஒரு மலைவாய். ஐயாயிரம் பேரும் எனக்குத் தூசு. ஆனா எங்க வழக்கம் தெரியாத பட்டாளத்து அதிகாரி என்ன பண்ணினான் தெரியுமா? பிடிச்சு வச்சிருந்த என் பொண்டாட்டி, மக, மாமியார் மூணு பேருக்கும் சரியா அந்த மலைவாய்லயே கூடாரம் போட்டான். வாசல்ல மாமியார். நான் எப்படிப் போறது? ஐயாயிரம் துப்பாக்கி செய்யாததை ஒரு கிழவி செஞ்சா. அப்படி எழுது."

அனிசேத்தோ அந்த வழக்கத்தையும் விளக்கி மொழிபெயர்க்க, பத்திரிகைக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்போது குடிசைக்குள் தொங்கிய கம்பளிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அனிசேத்தோ, உங்க பெரியப்பாகிட்ட ஒண்ணு சொல்லுப்பா."

எஸ்கிடான் பதறிப்போய்ப் போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டார். மாமியார்தான்.

"அவர் மலைவாய்க்கு வந்தது எனக்குத் தெரியும். போகட்டும்னு அரைநாள் முதுகைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருந்தேன். அவர் போகல. பாறைக்குப் பின்னால நின்னுக்கிட்டு, என் பேத்திக்கு இருமல் நின்னுச்சான்னு பொண்டாட்டிகிட்ட கேட்டுக்கிட்டிருந்தார். நிக்கலன்னு தெரிஞ்சதும் துப்பாக்கியைக் கீழ வச்சார். அதையும் எழுதச் சொல்லு."

அனிசேத்தோ மொழிபெயர்க்கத் திரும்பினான். பத்திரிகைக்காரன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.  அவன் வாய் திறக்குமுன் போர்வைக்குள்ளிருந்து எஸ்கிடானின் குரல் வந்தது.

"இருமலா அது? என் மக ஒருதடவை இருமினா மூணு மலை தள்ளி என் காலடியில பாறை உருளும். ஐயாயிரம் பேரைச் சமாளிக்கலாம். அதை எவன்டா சமாளிப்பான்?"