அரண்மனை சேர்த்த இரண்டு மீன்

ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் காலை, கயலி என்ற நீர்நாயின் மூன்று குட்டிகளுக்காக நாரையிடம் வந்து சேர்ந்தவை எட்டு மீன்கள். வரவேண்டியவை பத்து.

அந்தக் காட்டில் தாய்மார் இரை தேடப் போகும்போது குட்டிகளைப் பார்த்துக்கொள்வது நாரையின் தொழில். கயலியின் குட்டிகளுக்கு நாளொன்றுக்குப் பத்து மீன் கூலி. கயலியால் முடிந்தது எட்டு. அதை அரண்மனைத் தொட்டியில் போட்டால், யானை ராஜா தன் பங்காக இரண்டு சேர்த்து நாரைக்கு அனுப்பிவிடுவார். நிபந்தனை ஒன்றுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அமாவாசையன்று அரண்மனைக்கு வந்து, "இன்னும் வேலைக்குப் போகிறேன், குட்டிகள் இன்னும் சிறிசுதான்" என்று சொல்ல வேண்டும்.

இந்த ஐப்பசி அமாவாசையன்று புதுவெள்ளத்தில் மீன் ஏறி வந்தது. விட்டுவிட்டுப் போகக் கயலிக்கு மனம் வரவில்லை. "நான் மூழ்கி மூழ்கி எழுவதைக் காடே பார்க்கிறது. இதைப் போய் வேறு சொல்லணுமா?" என்று இருந்துவிட்டது.

"என்ன கயலி, இரண்டு குறைகிறதே!" என்றது நாரை.

"நாளைக்குச் சரியாகிவிடும், அக்கா."

சரியாகவில்லை. மூன்றாம் நாள் நாரை சொல்லியே விட்டது. "எனக்கும் வயிறு இருக்கிறதே! உனக்கு மட்டும் குறைத்தால் மற்றவர்கள் சும்மா விடுவார்களா? அரண்மனையில் போய்க் கேளேன்."

"தவறவிட்டது நான். எந்த முகத்தோடு கேட்பேன்?"

மறுநாள் கயலி, கூலி குறையட்டும் என்று இரண்டு குட்டிகளை மட்டும் நாரையிடம் விட்டது. கடைக்குட்டியை வளைக்குள் வைத்து, வாசலில் தாழை மடலைச் சாத்திவிட்டு ஏரிக்குப் போனது. மனம் மீனில் நிற்கவில்லை. பாதியிலேயே திரும்பியது.

மடல் விலகிக் கிடந்தது. நரியின் பாதி உடம்பு வளைக்குள் இருந்தது!

கயலி அதன் வாலைக் கடித்து இழுத்தது.

"ஐயோ! விடு தாயி! சும்மா காவலுக்கு வந்தேன்!"

"தலையை உள்ளே விட்டா காவல் காப்பார்கள்? ஓடு!"

குட்டி மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தது. அதைக் கவ்விக்கொண்டு கயலி நேராக அரண்மனைக்குப் போனது.

அங்கே எழுத்தர் முள்ளம்பன்றி, தன் முதுகு முள் ஒன்றால் ஓலையில் கீறிக்கொண்டிருந்தது. "அமாவாசை போய் நாலு நாளாச்சே!" என்றது.

கயலி குட்டியைக் கீழே வைத்தது. "இந்த வாசலில் நின்றால் ஏரி தெரிகிறது. நான் வேலை செய்வது மட்டும் தெரியவில்லையா?"

யானை ராஜா திரும்பிப் பார்த்தார். "தெரிகிறது, அம்மா. ஆனால் நீ சொல்லாததை நாங்களே எழுத ஆரம்பித்தால், நாளைக்கு இல்லாததையும் எழுதுவோம்."

அதுவும் கயலிக்கு நியாயமாகத்தான் பட்டது. "சரி, இப்போது சொல்கிறேன். இன்னும் வேலைக்குப் போகிறேன். குட்டி எவ்வளவு சிறிசு என்று நீங்களே பாருங்கள். ஆனால் அமாவாசையன்று உங்கள் ஆள் ஏரிக்கு வரக்கூடாதா? இரண்டு முங்குக்கு நடுவே சொல்லிவிட்டுப் போவோமே!"

ராஜா முள்ளம்பன்றியைப் பார்த்தார். முள்ளம்பன்றி ஏரி வரைக்குமான தூரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது.

மறுநாள் நாரைக்குப் பத்து மீன் வந்தது. மூன்று குட்டிகளும் அதன் சிறகடியில் இருந்தன.

தை அமாவாசை காலை முள்ளம்பன்றி ஏரிக்கரைக்கு வந்து, பதினோரு தாய்மாரின் சொல்லை எழுதிக்கொண்டது. முதல் பெயர் கயலி.

உதவி தேவைப்படுகிறவர் கூச்சப்படாமல் வாய் திறக்க வேண்டும். உதவி தருகிறவர் அவர் இருக்கும் இடத்துக்கு நடந்து வர வேண்டும்.