தவசி கையில் படர்ந்த தாமரை

பேச்சிகுளத்தில் சுவர் பூசும் கொத்தனார்கள் மூன்று பேர் இருந்தார்கள். கூடப்பிறந்தவர்கள். மூத்தவன் வெள்ளையப்பன், அடுத்தவன் ஒச்சு, கடைசி தவசி. சுவரைக் கண்ணாடி மாதிரி இழைத்துப் பூசுவார்கள். ஜன்னலையும் சேர்த்துப் பூசிவிடுவார்கள் என்பதால், வேலை முடியும்வரை வீட்டுக்காரர் ஜன்னலுக்குள் உட்கார்ந்திருப்பது வழக்கம்.

ஆவணியில் தவசியின் கல்யாணத்தைப் பேசி முடிக்கப் பெண்வீட்டார் வருவதாக இருந்தது. அந்த நேரம் பார்த்து அவன் முன்கையில் வட்டமாக ஒரு தடிப்பு கிளம்பியது. அரிப்பு என்றால் அப்படியோர் அரிப்பு. சொறிகிற மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? தவசிக்குச் சோறு இறங்கவில்லை. மூவரும் டவுனுக்குப் போய்த் தோல் டாக்டரம்மாவைப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார். லேசாகச் சுரண்டி எடுத்துச் சோதித்தார். "படர்தாமரை" என்றார். ஈரம் தங்கக் கூடாது, நீ சொறியக் கூடாது, களிம்பைத் தினமும் பூச வேண்டும், தடிப்பு மறைந்த பிறகும் அதே இடத்தில் ரெண்டு வாரம் விடாமல் பூச வேண்டும் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லி அனுப்பினார்.

பஸ்ஸில் ஒச்சு யோசித்தான். தாமரை என்றால் அடியில் கிழங்கு இருக்கும். கிழங்கு இருந்தால் தண்ணீர் கேட்கும்.

"அப்ப இவன் தண்ணி குடிச்சா?" என்று கேட்டான்.

"குளம் நெறஞ்சிரும்ல" என்றான் வெள்ளையப்பன்.

அன்றிலிருந்து தவசி தண்ணீரைத் தொடவில்லை. இளநீர்தான் குடித்தான். அது காய் என்பதால் பாதகமில்லை.

வீட்டுக்கு வந்து களிம்பை எடுத்தால், 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று போட்டிருந்தது. அவர்களுக்குத் தெரியாத பூச்சா? கரண்டியை எடுத்து, வாசல் பக்கத்து வெளிச்சுவரில் களிம்பு தீரும்வரை இழைத்துவிட்டார்கள். காலையில் மூவரும் சுவரைத் தடவிப் பார்த்தார்கள். ஒரு தடிப்பு இல்லை. நல்ல மருந்துதான். தவசியின் கைதான் அப்படியே இருந்தது.

அரிப்பும் அடங்கவில்லை. டாக்டரம்மா தவசியைத்தானே சொறியக் கூடாது என்றார்? அதனால் ஒச்சு சொறிந்துவிட்டான். கொஞ்ச நாளில் ஒச்சுவின் கையிலும் ஒரு வட்டம் பூத்தது.

மறுபடியும் டவுனுக்கு ஓடினார்கள். நடந்ததை எல்லாம் கேட்ட டாக்டரம்மா, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "மருந்தைத் தோல் மேல பூசுங்க. யாரும் யாரையும் சொறியாதீங்க. தண்ணி குடிங்க. சுவர விட்டுருங்க" என்றார்.

புதுக் களிம்பு வாங்கி அந்தப்படியே செய்தார்கள். தவசி, ஒச்சு ரெண்டு பேர் கையும் சுத்தமாகிவிட்டது. அப்புறம்தான் பெரிய கவலை வந்தது. மறைந்த பிறகும் அதே இடத்தில் பூச வேண்டுமே.

"எந்த இடம்?"

"மறஞ்ச இடம்."

"அதான் மறஞ்சிருச்சே."

கடைசியில் வெள்ளையப்பன் கதவுக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்டை எடுத்து, உத்தேசமாக ஆளுக்கொரு வட்டம் போட்டான். வட்டத்துக்குள் தினமும் களிம்பு பூசி வந்தார்கள்.

பெண்வீட்டார் வந்தார்கள். தாம்பூலத் தட்டை வாங்கத் தவசி கையை நீட்டியதும் பெண்ணின் தாய்மாமன் கருத்தமாயன் வட்டத்தைப் பார்த்துவிட்டார். தட்டு பாதியில் நின்றது. கையில் என்ன என்று கேட்டார்.

"வியாதி போயிருச்சு மாமா. இது, அது இருந்த இடம்" என்றான் வெள்ளையப்பன்.

கருத்தமாயன் தன் ஆட்களைக் கூப்பிட்டு ஓரமாகப் போய்க் குசுகுசுவென்று பேசினார். கல்யாணம் போச்சு என்று தவசி தலையைக் குனிந்துகொண்டான். திரும்பி வந்த கருத்தமாயன் சட்டைக் கையைச் சுருட்டினார். அவர் கையிலும் அதே தடிப்பு.

"எங்க குடும்பத்துல எல்லாருக்கும் வியாதி இருக்கு மாப்ள" என்றார் வருத்தமாக. "அது போன இடம்தான் ஒருத்தருக்கும் இல்ல. எங்களுக்கும் போட்டு விடுங்க."

பெண்வீட்டார் வரிசையில் நின்று வட்டம் போட்டுக்கொண்டார்கள். பெயிண்ட் காய்வதற்குள் முகூர்த்த நாளும் குறித்தாயிற்று. மறுநாள் பெண் மட்டும் சொல்லியனுப்பினாள்: முகூர்த்தப் புடவை பச்சையாம், தனக்கு வட்டம் பச்சைப் பெயிண்டில்தான் வேண்டுமாம்.