சபையோர் வாசலில் தண்டோரா

முன்னொரு காலத்தில், ஊரார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, குலுக்கி எடுத்துச் சபைக்கு ஆள் அனுப்பிய காலத்தில், ஒரு ராஜா இருந்தார். குடத்திலிருந்து வந்தவர்கள் குற்றமே செய்ய மாட்டார்கள் என்று அவருக்கு ஒரு நினைப்பு. திடீரென்று ஒருநாள், "அப்பழுக்கற்ற என் சபைக்கு விழா எடுக்கப் போகிறேன்!" என்று சொல்லிவிட்டார்.

விழா நடுவில், சேற்றுக் காலோடு ஒரு பெண் மண்டபத்துக்குள் வந்து நின்றாள். பெயர் சோலைச்சி. புருஷன் இல்லாதவள். வாய்க்கால் போய் முடியும் கடைமடையில் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்பவள்.

"என் வயலுக்கு முறைத் தண்ணி வரல சாமி. ஏரியைப் பாக்குற இருங்கோளரைக் கேக்கப் போனேன். 'என் கரும்புத் தோட்டத்து வீட்டுக்கு வா, மடையைத் திறந்து விடுறேன்'னாரு. போனா, கையைப் பிடிச்சு இழுத்தாரு. உதறிட்டு ஓடியாந்தேன். சபைக்காரங்க அங்க தாயம் ஆடிக்கிட்டு இருந்தாங்க. பாத்துட்டுச் சிரிச்சாங்க."

இருங்கோளர் எழுந்தார். சபையோரில் ஒருவர், ஏரி வாரியத்துக்குத் தலைவர் அவர். ராஜாவுக்குப் பக்கத்தில் அரசவை விகடர் வீரட்டன் உட்கார்ந்திருப்பதைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

"வேந்தே, சபை என்பது ஓருடல். ஒருவர்மேல் எறிந்த சேறு எல்லோர்மேலும் எறிந்த சேறு. சபையோன்மேல் குற்றம் சொன்னால் இன்னொரு சபையோன்தான் சாட்சி சொல்ல வேண்டும் என்பது நாங்கள் இயற்றிய சட்டம். யாரேனும் எதையேனும் பார்த்தீர்களா?"

மற்றவர்கள் தூணைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள். "பார்க்கவில்லை" என்றார்கள்.

"அப்படியானால் இது அவதூறு. இவளைக் கழுதைமேல் ஏற்றி ஊரைவிட்டு ஓட்டுவதே முறை."

வீரட்டனுக்குப் பொறுக்கவில்லை. "அவசரம் வேண்டாம் அரசே. சாட்சி கிடைக்கும்" என்று சொல்லிவிட்டான்.

"கிடைக்காவிட்டால்? விகடரும் அதே கழுதையில் பின்னால் ஏறிக்கொள்வாரா?"

ராஜாவுக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. "நல்ல பந்தயம்! வீரட்டா, நாளை மாலைக்குள் சபையோரே வந்து சாட்சி சொல்ல வேண்டும். நீ யாரையும் அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, கெஞ்சவும் கூடாது."

சோலைச்சி வீரட்டன் பக்கம் திரும்பி, "என்னை ஓட்டிட்டா என் நாத்தை யாரு சாமி பாக்குறது?" என்றாள்.

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு பணிவாகக் கேட்டான்: "ஒரு முறைமை இருக்கிறதே அரசே? அவதூறுக்கு ஆளானவர் வாசலில் தண்டோரா போட்டு, வழக்கை ஊரறியச் சொல்லி, வீட்டாரையும் கேட்ட பிறகுதானே தண்டனை?"

"தாராளமாகப் போடு!" என்று சிரித்தார் இருங்கோளர். "என் மனைவி பிறந்தகம் போயிருக்கிறாள்."

"உங்கள் வாசல் மட்டும் எப்படிப் போதும் ஐயா? சபை ஓருடல் அல்லவா? எல்லோர்மேலும்தானே சேறு? எல்லோர் வாசலிலும் போட்டுவிடுகிறேன்."

தங்களுக்கும் மரியாதை நடக்கிறது என்று நினைத்துச் சபையோர் தலையாட்டிவிட்டார்கள்.

மறுநாள் பொழுது விடிந்ததும் விடியாததுமாக, சபையோரில் மூத்தவரான மாங்குடியார் வாசலில் பறை முழங்கியது. "இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்! இந்த வீட்டு எசமானர் கரும்புத் தோட்டத்தில் ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்ததாக வழக்கு! உண்டா இல்லையா, வீட்டம்மாவே சொல்லலாம்!"

வீட்டம்மா உலக்கையோடு வந்தாள்.

"யோவ்! பல்லெல்லாம் போன வயசுல உமக்குக் கரும்புத் தோட்டம் கேக்குதா?"

"ஐயோ, நானில்லடி! நான் மூலையில தாயம் ஆடிக்கிட்டு இருந்தேன்!"

"அப்ப அங்கதான் இருந்திருக்கீரு!"

"இருந்தேன். ஆனா இழுத்தது இருங்கோளன்!"

"அதை எங்கிட்ட ஏன் சொல்றீரு? ராஜாகிட்டப் போய்ச் சொல்லும். சொல்லிட்டு வந்தாத்தான் இந்த வீட்டுல சோறு!"

அடுத்த தெருவில் ஒருவரைச் சம்பந்தி வீட்டார் சூழ்ந்துகொண்டார்கள். அதற்கடுத்த தெருவில் ஒருவருடைய மாமியாரே வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டாள். உச்சிவேளைக்குள் சபையோர் மேல்துண்டு நழுவ அரண்மனைக்கு ஓடிவந்தார்கள்.

"அரசே, நான் பார்த்தேன்!"

"நான்தான் முதலில் பார்த்தேன்!"

"என்ன இது? நாமெல்லாம் ஓருடல் அல்லவா?" என்று அலறினார் இருங்கோளர்.

"அழுகின விரலை வெட்டித்தானே ஆகணும்?" என்றார் மாங்குடியார்.

இருங்கோளரைக் கழுதைமேல் ஏற்றினார்கள். மற்றவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எப்படியோ, உண்மையைச் சொல்லிவிட்டோம்" என்றார்கள்.

வீரட்டன் விடவில்லை. "நேற்று அரசருக்குச் சொல்லாத உண்மை, இன்று உலக்கைக்குப் பயந்து வந்திருக்கிறது. பார்த்துச் சிரித்து மறைத்தவர்களின் பெயர் மறுபடி குடத்துக்குள் போகலாமா அரசே?"

"போகாது. என் வம்சம் உள்ளவரை போகாது! சபையோனுக்குச் சபையோன்தான் சாட்சி என்ற சட்டமும் இன்றோடு ஒழிந்தது. பாதிக்கப்பட்டவளின் சொல்லும் இனிச் சாட்சிதான்" என்ற ராஜா, வீரட்டனை முறைத்தார். "மிரட்டக் கூடாது என்றேனே?"

"நானெங்கே மிரட்டினேன்? 'சபை ஓருடல்' என்று உங்களிடம் சொன்னதைத்தான் அவர்கள் வாசலிலும் சொல்லச் சொன்னேன்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். மண்டபமே சிரித்தது. சோலைச்சி மட்டும் அப்படியே நின்றாள்.

"உனக்கு என்னம்மா வேண்டும்?"

"அன்னைக்கு நான் ஓடியாந்தப்பவும் சபைக்காரங்க இப்படித்தான் சிரிச்சாங்க சாமி. மடையைத் திறந்துட்டுச் சிரிங்க."

ராஜாவின் சிரிப்பு நின்றுபோயிற்று. செருப்புக்கூடப் போடாமல் எழுந்தவர், வெயிலில் ஏரிக்கரை வரைக்கும் நடந்துபோய், தன் கையாலேயே மடையைத் திறந்தார். தண்ணீர் நுரைத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கிக் கடைமடை நாற்றைத் தொட்டபோது முதலில் சிரித்தவள் சோலைச்சி. அதற்கப்புறம்தான் ராஜா சிரித்தார். சேற்றில் நின்றபடியே கழுத்து முத்துமாலையைக் கழற்றி, வீரட்டன் கழுத்தில் போட்டார்.