கால்வாய்க் கரைத் தகரை

பொதிகை மலை அடிவாரத்தில் உலகம்மை என்று ஒரு வைத்தியர் இருந்தார். நாற்பது வயது. அவரிடம் பாடம் கேட்ட சீடருக்கு ஐம்பத்தெட்டு.

சீடர் பெயர் ஆவுடையப்பன். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். இடுப்பில் படை வந்து, எந்தக் களிம்புக்கும் அடங்காமல் கடைசியில் இங்கே வந்தார். தகரை விதையைப் புளித்த மோரில் அரைத்துப் பூசச் சொன்னார் உலகம்மை. படை போனது. ஆவுடையப்பன் போகவில்லை.

“ரோட்டோரமெல்லாம் இந்தச் செடிதான் நிக்கும். இது மேலேயே வண்டியை ஏத்தி நிறுத்தியிருக்கேன். பேருகூடத் தெரியாது. எனக்குக் கத்துக்கொடுங்கம்மா.”

“இருங்க, அண்ணாச்சி” என்றார் உலகம்மை.

ஆவுடையப்பன் இருந்தார். விறகு பிளந்தார், உரலில் இடித்தார், செடி பார்த்தார்.

அந்த வருடம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. காலி மனைகளிலும் சாலையோரத்திலும் தகரை முட்டிக்கொண்டு வந்தது. ஒருநாள் நடந்துபோகையில் உலகம்மை நின்றார்.

“இது என்ன?”

“தகரை.”

“எப்படிச் சொல்லுதீங்க?”

“ஒரு காம்புல மூணு ஜோடி இலை. நுனி மழுங்கி இருக்கு. கசக்கினா நாத்தம். பொழுது சாஞ்சா இலை மடங்கிக்கிடும். காய் மெலிசா, நீளமா, வளைஞ்சு வரும்.”

“பக்கத்துல நிக்கது?”

“பேயாவரை. நாலஞ்சு ஜோடி இலை, நுனி கூர்மை. காய் பட்டையா மேல பார்த்து நிக்கும்.”

“தகரை எதுக்கு ஆகும்?”

“கொழுந்து கீரைக்கு ஆகும். விதை படைக்கு ஆகும். அதையே வறுத்துப் பொடிச்சுக் கஷாயம் வச்சா மலச்சிக்கலுக்குக் கேக்கும்.”

“பேயாவரை விதை?”

“பிள்ளைங்க தின்னா உயிருக்கே ஆபத்து.”

உலகம்மை தலையசைத்துவிட்டு நடந்தார். ஆவுடையப்பனுக்கு அன்று முழுவதும் மனசு நிறைந்திருந்தது.

மாசியில் உலகம்மை தங்கை வீட்டுக் கல்யாணத்துக்காகக் கோவில்பட்டி போனார். வீட்டையும் மருந்துகளையும் ஆவுடையப்பன் பார்த்துக்கொண்டார். யார் வந்தாலும் அம்மா வரட்டும் என்று சொல்லியனுப்பினார்.

கீழத்தெருவிலிருந்து முப்புடாதி வந்தாள். செங்கல் சூளையில் வேலை பார்க்கிறவள்.

“அக்கா இல்லையா? செண்பகத்துக்கு வெளிக்கே போகலை அண்ணாச்சி. வயித்தைப் பிடிச்சிக்கிட்டு அழுதா.”

செண்பகம் அவளுடைய ஒரே மகள். இரண்டாம் வகுப்பு படிக்கிறவள்.

அம்மா வரட்டும் என்று சொல்ல ஆவுடையப்பன் வாயெடுத்தார். ஆனால் வேறு வார்த்தை வந்தது.

“நாளைக்கு வா. நான் தாரேன்.”

அன்று சாயங்காலமே ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு கால்வாய்க் கரைக்குப் போய்க் காய் பறித்தார். வீட்டில் வைத்து அடித்துப் புடைத்தார். பாதி விதையைச் சட்டியில் வறுத்தார். மணம் காப்பிக்கொட்டை வறுக்கிற மாதிரியே இருந்தது. இடித்துச் சலித்து, ஒரு டப்பாவில் போட்டு, மறுநாள் வந்த முப்புடாதியிடம் கொடுத்தார். அவள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். இதற்கு முன் ஆவுடையப்பனை யாரும் கும்பிட்டதில்லை.

உலகம்மை திரும்பி வந்த அன்று காலையில், அவர் கைகால் கழுவி உட்கார்ந்ததும் ஆவுடையப்பன் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார். கருப்பட்டி போட்ட கஷாயம். ஆவி பறந்தது.

“தகரை விதை. நானே பறிச்சு, நானே வறுத்தது.”

உலகம்மை மோந்து பார்த்தார். “பக்குவமா வறுத்திருக்கீங்க.”

“முப்புடாதி மகளுக்கு மூணு நாளைக்குக் கொடுத்தேன். கேட்டிருச்சாம். நேத்து வந்து சொல்லிட்டுப் போனா.” அவர் கொஞ்சம் நிறுத்தினார். “இனிமே நானே மருந்து கொடுக்கலாமாம்மா?”

“எங்க பறிச்சீங்க?”

“கால்வாய்க் கரையில.”

“மாசியில இலை கொட்டியிருக்குமே.”

“கொட்டிருச்சு. காயைப் பார்த்துப் பறிச்சேன்.”

“அங்க பேயாவரையும் நிக்குமே.”

“நிக்கும். எனக்குத் தெரியாதா?”

“நிச்சயமா?”

“நிச்சயம்.”

உலகம்மை டம்ளரை எடுத்தார். அவர் கண் ஆவுடையப்பன் முகத்திலேயே இருந்தது. டம்ளர் உதட்டருகே போனது.

ஆவுடையப்பனின் கை அதைத் தட்டிவிட்டது.

டம்ளர் சுவரில் மோதி உருண்டது. கஷாயம் உலகம்மையின் சேலையிலும் தரையிலும் சிதறியது. ஆவுடையப்பன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதை அவர் தூக்கவில்லை. அது தானாக வந்தது. அடுத்தவன் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பிறகு அவருக்குக் கால்வாய்க் கரை ஞாபகம் வந்தது. முதலில் ஒவ்வொரு காயாகப் பார்த்துத்தான் பறித்தார். அப்புறம் வெளிச்சம் மங்கியது. கொசு கடித்தது. கைக்கு வந்ததை உருவி உருவிச் சாக்கில் போட்டார். அதில் எது மெலிசு, எது பட்டை என்று பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து விதையையும் பார்க்கவில்லை.

“செண்பகம்” என்றார்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

கீழத்தெருவில் முப்புடாதி வீடு பூட்டியிருந்தது. அடுத்த வீட்டுப் பெண் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“முப்புடாதி எங்க?”

“பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டாளே. பிள்ளையைத் தூக்கிப் போட்டுக்கிட்டு அழுதுக்கிட்டே போனா.”

“பிள்ளைக்கு என்ன?”

“தெரியலையே. பேச்சு மூச்சு இல்லாம கிடந்துச்சு.”

ஆவுடையப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருடம் வண்டி ஓட்டியவர், ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அடித்ததில்லை என்று எல்லோரிடமும் சொல்வார். ஆட்டோவில் ஏறினார். பெரியாஸ்பத்திரி இருந்த பக்கம் கையை நீட்டினார்.

ஆஸ்பத்திரியில் கட்டில் கட்டிலாகத் தேடினார். கடைசிக் கட்டிலில் செண்பகம் கிடந்தாள். கண் மூடியிருந்தது. முப்புடாதி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

“என்னம்மா ஆச்சு?”

“கொய்யா மரத்துல ஏறியிருக்கா, அண்ணாச்சி. கொப்பு ஒடிஞ்சு விழுந்துட்டா. கை ஒடிஞ்சிருச்சு. வலி தாங்காம மயங்கிட்டா. இப்பதான் ஊசி போட்டுத் தூங்க வச்சிருக்காங்க.”

ஆவுடையப்பன் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. கண்ணீர் வழிய வழிய, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முப்புடாதி அவரையே பார்த்தாள். கை ஒடிந்து கிடக்கும் பிள்ளையின் முன்னால் நின்று ஒருவர் சிரிப்பதை அவள் கண்டதில்லை.

“அண்ணாச்சி, உங்களுக்கு என்ன செய்யுது?”

பதில் சொல்வதற்குள், கீழத்தெருவில் விசாரித்துக்கொண்டு உலகம்மை உள்ளே வந்தார். கறை பட்ட சேலையை மாற்றவில்லை. இடுப்பில் மீதி விதை இருந்த சாக்கு. நேராக டாக்டரிடம் போனார்.

“இந்தப் பிள்ளை மூணு நாளா ஒரு பொடி குடிச்சிருக்கு. தகரை விதைன்னு கொடுத்தது. பேயாவரை கலந்திருக்குமோன்னு சந்தேகம். ஈரலைப் பாருங்க.”

“யார் கொடுத்தது?” என்றார் டாக்டர்.

உலகம்மை திரும்பிப் பார்க்கவில்லை.

“நான்” என்றார் ஆவுடையப்பன்.

முப்புடாதி எழுந்தாள். “அண்ணாச்சி?” என்றாள். கட்டிலைச் சுற்றி வந்து, அவருக்கும் பிள்ளைக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் வரை பிள்ளையைக் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆவுடையப்பன் வெளியே வராந்தாவில் உட்கார்ந்தார். யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை வாயில் வைக்க அவருக்குப் பயமாக இருந்தது.

விடிந்து நல்ல வெளிச்சம் வந்த பிறகு உலகம்மை வராந்தாவில் ஒரு துணியை விரித்துச் சாக்கிலிருந்த விதையைக் கொட்டினார்.

“பாருங்க” என்றார்.

ஆவுடையப்பன் குனிந்தார். தகரை விதை இரண்டு முனையும் சாய்வாக வெட்டிவிட்ட மாதிரி இருக்கும். பேயாவரை விதை தட்டையாக, வட்டமாக இருக்கும். விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். வெயில் ஏறியது. முதுகு கடுத்தது. நிமிரவில்லை.

கடைசி விதையையும் தள்ளிவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

“எல்லாம் தகரைதான்” என்றார்.

உலகம்மையும் ஒருமுறை துழாவிப் பார்த்தார். “ஆமா. தகரைதான்.”

ரத்தச் சோதனையிலும் குறை இல்லை என்று டாக்டர் வந்து சொன்னார். மருந்து விஷயத்தில் இன்னொரு தடவை இப்படிச் செய்யக்கூடாது என்றும் சொன்னார். உள்ளே செண்பகம் கண் விழித்து, கையில் கட்டோடு, இட்லி வேண்டும் என்று அழுதுகொண்டிருந்தாள். ஆவுடையப்பன் ஓடிப்போய் வாங்கிவந்தார். முப்புடாதி பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, ஒரு துண்டு பிட்டு, முதலில் தான் தின்று பார்த்தாள். பிறகுதான் பிள்ளைக்கு ஊட்டினாள்.

ஆவுடையப்பன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பஸ் நிறுத்தத்துக்கு இருவரும் நடந்தார்கள். பாதி வழியில் ஆவுடையப்பனுக்கு மூச்சு இலகுவாக வர ஆரம்பித்தது.

“ஒரு விதைகூடத் தப்பில்லையேம்மா.”

“இல்லை.”

“இருட்டுலயும் என் கை சரியாத்தான் பறிச்சிருக்கு.”

“சரியாத்தான் பறிச்சிருக்கு.”

“நிச்சயம்னு சொன்னேனே, அது பொய்யில்லையே?”

“பொய்யில்லை.”

நேற்றிலிருந்து முதல்முறையாக ஆவுடையப்பன் முகம் தெளிந்தது. துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

உலகம்மை நின்றார். குரலில் கோபம் இல்லை. வழக்கம்போலவே கேட்டார்.

“நான் குடிக்கப் போகையில தட்டுனீங்க. அந்தப் பிள்ளை குடிக்கையில உங்க கை எங்க இருந்துச்சு, அண்ணாச்சி?”