படம் எடுத்த இடம்

"டீச்சர், உங்க மேப்பு பொய் சொல்லுதுங்க" என்றார் செங்கோடன்.

எஸ்தர் டீச்சர் நூலகத்துக் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பினார். டீச்சருக்கு முப்பது வயது, செங்கோடனுக்கு ஐம்பது. ஆனாலும் கம்ப்யூட்டரில் அவர்தான் சிஷ்யர்.

யாரும் யாரையும் கேட்காமல் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சனங்கள் கொடுத்த போட்டோக்கள் அந்த மேப்பில் இருந்தன. படம் எடுத்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். படமே இல்லாத ஊர் இருட்டாகக் கிடக்கும்.

ஆற்றுக்கு இக்கரையெல்லாம் வெளிச்சம். அக்கரை நாவல்பட்டி இருட்டு.

"போனுல நாப்பது படம் எடுத்தனுங்க. கோயிலு, பள்ளிக்கூடம், வாழத்தோப்பு, எல்லாமே நாவல்பட்டி. ஒரு புள்ளி அங்க விழுகலீங்களே!"

டீச்சர் படங்களைப் பார்த்தார். கோபுரம் பெரிதாகத்தான் இருந்தது, கொஞ்சம் கலங்கலாக. அடியில் ஆற்றுத் தண்ணீர்.

"புள்ளி எங்க விழுந்துச்சு?"

"இக்கரையில, பரிசல்துறையில. நாப்பதும் ஒரே எடத்துல."

"படம் எடுத்த எடம் எதுங்கண்ணா?"

"நாவல்பட்டிங்க."

"எடுத்த எடம்?"

"அதானுங்க சொல்றேன், நாவல்..."

படத்தின் அடியில் தெரிந்த தண்ணீரைப் பார்த்தார்.

"நீங்க எதைப் பாத்தீங்கன்னு போனுக்குத் தெரியாதுண்ணா. எங்க நின்னீங்கன்னுதான் தெரியும்."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த பரிசல்காரர் மாரப்பன் சிரித்தார்.

"ஏறுடா மாப்ளேன்னா ஏறமாட்டேங்கறான் டீச்சர். அக்கரையில இவன் தங்கச்சி இருக்குது. ஆறு வருசமாப் பேச்சு இல்ல. அது வீட்டுக்கு இவன் போனதே இல்ல. வெள்ளிக்கிழம அது புள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி வேணும்னு ரெண்டு தடவ வந்து வெத்தல பாக்கு வெச்சுட்டுப் போச்சு."

"நான் வர்றேன்னு சொல்லல" என்றார் செங்கோடன்.

"வரலேன்னும் சொல்லலியே."

செங்கோடன் டீச்சர் பக்கம் திரும்பிக்கொண்டார். "புள்ளியக் கையில நகத்தி அங்க வெக்க முடியுங்களா?"

"முடியும்."

டீச்சர் எழுந்து மவுஸை அவரிடம் கொடுத்தார்.

அம்புக்குறி ஆற்றைத் தாண்டியது. நாவல்பட்டியில் தெருத்தெருவாகச் சுற்றியது. எங்கேயும் நிற்கவில்லை.

"இதுல தங்கச்சி வீடு எதுங்கண்ணா?" டீச்சர் கேட்டார்.

அம்புக்குறி இன்னொரு சுற்றுச் சுற்றியது.

"தெரியாதுங்க."

மவுஸை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

சனிக்கிழமை காலையில் டீச்சர் மேப்பைத் திறந்தார். நாவல்பட்டி அப்படியே இருட்டாக இருந்தது.

செங்கோடன் வந்து நின்றார். வேட்டியில் மஞ்சள் கறை.

"நேத்து அக்கரைக்குப் போகலீங்களாண்ணா?"

"போனனுங்க."

"ஒரு படங்கூட இல்லியே?"

"மடியில புள்ள இருந்துச்சுங்க டீச்சர். ரெண்டு கையும் வேணும்."