மாடிவீட்டின் இரண்டு கோடு

திருவாளர் வெள்ளைக்கண்ணு, வயது அறுபத்து மூன்று, நாற்பதாண்டு காலச் சலவைத் தொழிலாளி. தம் மனைவியின் கண் சிகிச்சைக்கென்று சேமித்த பணத்தை ஏப்பமிட்ட நிதி நிறுவன முதலாளி குணபாலன்மீது தாம் கொடுத்த புகார் என்னவாயிற்று என்று கேட்க, அவர் மோசடி விசாரணை அலுவலகத்தின் படியேறினார்.

“நாலு மாநிலம் சல்லடை போட்டுத் தேடியாச்சு. ஆள் அகப்படலை. சாயங்காலம் கோப்பை மூடப்போறேன்,” என்றார் அதிகாரி. “முடிஞ்சா நீயே கண்டுபிடிச்சுக் கொடேன்யா!”

மேசைமேல், மூன்றாண்டுக்கு முன் நிறுவனத்தில் கைப்பற்றிய குணபாலனின் சட்டை கிடந்தது. வெள்ளைக்கண்ணு அதன் கழுத்துப்பட்டையைத் திருப்பினார். உள்ளே சலவை மையால் இரண்டு கோடு. வீட்டுக்கு ஒரு குறி இடுவது அவர் வழக்கம்.

“இது என் கைக்குறி ஐயா. இந்த வீட்டுத் துணி இன்னிக்குக் காலையிலயும் வந்துச்சு.”

“எந்த வீடு? சீக்கிரம் சொல்லு!”

“உங்க சட்டைக் கழுத்தைப் பாருங்க. அதுல ஒரு கோடு இருக்கும். ஒரு கோடு கீழ்வீடு, ரெண்டு கோடு மாடிவீடு.”

அதிகாரி தம் கழுத்துப்பட்டையைத் திருப்பிப் பார்த்தார்; ஒரு கோடு. “நாலு வருஷம் முன்னாடி யாரோ நோயாளின்னு சொல்லித்தானய்யா என் மாடியை வாடகைக்கு எடுத்தாங்க!”

சிப்பந்திகள் சிரிப்பை அடக்க வாய்பொத்திக்கொண்டனர். வெள்ளைக்கண்ணு நெஞ்சு நிமிர்த்தி முன்னே நடக்க, அதிகாரியின் ஜீப் பின்னே ஊர்ந்தது. கைதாகிப் பணப்பெட்டிகளோடு குணபாலன் மாடிப்படி இறங்கிய நாள் 2014 செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை.