முள்ளை இறக்காத முள்ளம்பன்றி

ஓடைக்கரைப் புதர்க்காட்டில் ஒரு முள்ளம்பன்றி தனியாக இருந்தது. எதிரியைக் கண்டால் முள்ளைச் சிலிர்ப்பதும், எதிரி போனதும் படியவிடுவதும் அதன் குலவழக்கம். ஆனால் இந்த முள்ளம்பன்றி, கோடையில் சிலிர்த்த முள்ளை இன்னும் இறக்கவில்லை.

காரணம் ஒரு முயல். இரண்டும் ஒரே கிழங்கைப் பங்கிட்டுத் தின்ற சிநேகிதர்கள். முள்ளம்பன்றி காய்ச்சலில் கிடந்தபோது முயல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடலைக் கொல்லையில் சுகமாக மேய்ந்துகொண்டிருந்தது.

"வரட்டும் அவன்! மூஞ்சியிலேயே குத்துறேன்!" என்று எழுந்தது முள்ளம்பன்றி. அன்றுமுதல் விறைத்தே நின்றது. முயல் வரவில்லை. கோபமும் போகவில்லை.

முதுகுத் தோல் இழுத்துப் பிடித்து வலித்தது. கிழங்கு கசந்தது. தூக்கம் போயிற்று. வளையின் வாயோ குறுகல். நிமிர்ந்த முள்ளோடு உள்ளே நுழைய முடியவில்லை. வெளியிலேயே கிடந்தது. பக்கத்தில் வந்த அணில், "ஐயோ, குத்தும்!" என்று ஓடியது. பிறகு யாரும் வரவில்லை.

ஐப்பசி மேகம் திரண்ட ஒரு மாலை, வைத்தியம் பார்க்கும் உடும்பிடம் முள்ளம்பன்றி போயிற்று.

"அக்கா, உடம்பெல்லாம் வலி. மழைக்கு முன்னாடி வளைக்குள்ளே போகலேன்னா செத்துடுவேன். ஏதாவது பச்சிலை கொடு!"

"முள்ளை இறக்கு தம்பி, தோலைப் பார்க்கணும்."

"இறங்க மாட்டேங்குதே!"

"ஏன், என்னைப் பார்த்தா புலி மாதிரியா இருக்கு?"

"நீயில்லை அக்கா. அந்த முயல்! எந்நேரமும் என் கண்ணு முன்னாலேயே நிக்கிறான்."

உடும்பு நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது.

"உனக்கு யாரும் சொல்லலையா? சொல்றதுக்குத்தான் உன்கிட்டே யார் வந்தா! அவன் ஆடியிலேயே நரி வாயிலே போயிட்டானே!"

"பொய்!"

"மருந்து கேட்டு வந்தவன்கிட்டே பொய் சொல்வேனா? செத்தவனை எதிர்த்து நிக்கிறே தம்பி. அவனுக்கு வலிக்காது, உனக்குத்தான் வலிக்குது. என் பச்சிலை தோல்வரைக்கும்தான் போகும். அதுக்கும் உள்ளே ஒருத்தர் இருக்காரே, அவர்கிட்டே நீயே சொல்லு, போ!"

முள்ளம்பன்றி திரும்பி நடந்தது. வளை வாசலுக்கு வந்தபோது முதல் தூறல் விழுந்தது. முயல் வராதது உண்மைதான். இனி வரப்போவதும் இல்லை. கேட்க வைத்திருந்ததை எல்லாம் இனி யாரிடம் கேட்பது?

கண்ணை மூடியது. "சாமி," என்றது மெல்ல. "அவனை நான் விட்டுட்டேன். நீ பார்த்துக்கோ."

ஒரு பக்கத்து முள் படிந்தது. மறுபக்கம் படியவில்லை. முள்ளம்பன்றி அழுதது. அழுது ஓய்ந்தபோது அதுவும் தாழ்ந்தது.

வளைக்குள் நுழைந்தது. உள்ளே யாரும் இல்லை. துணைக்கு மழைச் சத்தம் மட்டும். ஆனாலும் தூக்கம் வந்தது.

மனத்தில் வெறுப்பை நிறுத்தி வைத்தால் உடம்புதான் அதைச் சுமந்து நோகும். அதைக் கடவுளிடம் ஒப்படைத்தவருக்கே உள்ளமும் உடலும் ஆறும்.